கையால் செய்த டிஸ்டார்ஷன் பெடல் ஒலிக்கவில்லையா? அறிகுறியைப் பிடித்துப் பிழையைத் தேடும் வழிமுறை

கடைசி சால்டரை வைத்து முடித்து, கிட்டாரை இணைத்து, ஆவலோடு சுவிட்சை மிதிக்கும்போது ஒரு சத்தமும் வராமல் போவது, பெடல் (கிட்டாரின் ஒலியை மாற்றும், காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டி) செய்யப் பழகும் எல்லோருக்கும் ஒருமுறையாவது நேர்கிறது. அந்த நேரத்தில் கை தானாகவே சால்டரிங் அயர்னைத் தேடிப் போகும். ஐசியை மாற்றிப் பார்ப்போமா, டிரான்சிஸ்டரை மாற்றிப் பார்ப்போமா என்று மனம் அலைபாயும். தயவுசெய்து அப்படித் தொடங்க வேண்டாம். நான் இதுவரை பழுது பார்த்த பெடல்களில் பெரும்பாலானவற்றில் ஐசி நன்றாகவே இருந்தது. பிழை ஜாக்கிலோ, கால் சுவிட்சிலோ, சரியாக ஒட்டாத ஒரு சால்டரிலோதான் இருந்தது. ஐசியைக் கழற்றி மாட்டும்போது பிசிபியின் செம்புத் தடம் பெயர்ந்து, ஒரு பிழை இருந்த இடத்தில் இரண்டு பிழைகள் ஆனதையும் பார்த்திருக்கிறேன்.

எண்களைச் சொல்லி விளக்க ஒரு சர்க்யூட் வேண்டும் என்பதால், 1978ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கலமசூ நகரில் உருவான ப்ரோகோ நிறுவனத்தின் ராட் பெடலின் சர்க்யூட்டை எடுத்துக்கொள்கிறேன். அதில் எல்எம்308 என்ற ஒற்றை ஆப்-ஆம்ப் (எட்டுக் கால் கொண்ட பெருக்கி ஐசி) சிக்னலைப் பெருக்குகிறது. எதிரெதிர்த் திசையில் கிரவுண்டோடு சேர்க்கப்பட்ட இரண்டு சிலிக்கான் டையோடுகள் அந்தச் சிக்னலின் தலையையும் அடியையும் வெட்டுகின்றன. அதன்பின் ஃபில்டர் வருகிறது. இறுதியாக 2என்5458 என்ற ஃபெட் டிரான்சிஸ்டர் சிக்னலை வால்யூம் பாட்டுக்குக் (பாட் என்பது பொட்டென்ஷியோமீட்டர், அதாவது திருகி மாற்றும் ரெசிஸ்டர்) கொடுக்கிறது. நீங்கள் செய்தது வேறு சர்க்யூட்டாக இருந்தாலும் தேடும் முறை மாறாது, எண்கள் மட்டுமே மாறும்.

தேடத் தொடங்கும் முன்

ஒரு மல்டிமீட்டர், ஒரு புதிய 9 வோல்ட் பேட்டரி, நன்றாக வேலை செய்வதாக உறுதியாகத் தெரிந்த இரண்டு கேபிள்கள் ஆகியவற்றோடு, ஒலியைத் தொட்டுக் கேட்கும் ஆய்வுக் கம்பி ஒன்றையும் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யப் பத்து நிமிடம் போதும். பழைய கிட்டார் கேபிள் ஒன்றின் ஒரு முனையில் பிளக்கை அப்படியே விட்டுவிட்டு, மறுமுனையை வெட்டி, நடு ஒயரில் 100 நானோஃபாரட் கெபாசிட்டரின் ஒரு காலையும், வெளிப்பின்னலில் ஒரு முதலைக் கிளிப்பையும் சால்டர் செய்தால் கருவி தயார். பிளக் ஆம்புக்குப் (கிட்டாரின் ஒலிபெருக்கிக்கு) போகும், கிளிப் பெடலின் கிரவுண்டைக் கவ்வும், கெபாசிட்டரின் மீதமுள்ள கால் நாம் தொட்டுப் பார்க்கும் முனையாகும். நடுவில் இருக்கும் அந்தக் கெபாசிட்டர் டிசி மின்னழுத்தத்தை ஆம்புக்குள் விடாது. ஒலியை மட்டும் விடும். இந்தக் கம்பியைப் பெடலுக்குள் மட்டுமே பயன்படுத்த வேண்டும். பெடலில் இருப்பது 9 வோல்ட். வால்வ் ஆம்பின் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும், அணைத்த பிறகும் அதன் கெபாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

முதலில் மின்னழுத்தங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும், பெட்டியைத் திறந்தவுடன் ஐசியின் கால்களில் உள்ள மின்னழுத்தங்களை அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. மீட்டரின் கறுப்பு முனை கிரவுண்டில் இருக்கட்டும். 7ஆம் காலில் பேட்டரியின் மின்னழுத்தம் ஏறக்குறைய முழுதாக வர வேண்டும். புதிய பேட்டரியானால் 9.5 வோல்ட்டைக்கூடக் காட்டும். 4ஆம் காலில் சுழியம். 2, 3, 6 ஆகிய மூன்று கால்களும் பேட்டரி மின்னழுத்தத்தின் பாதியில், ஏறத்தாழ 4.5 வோல்ட்டில் நிற்க வேண்டும். இரண்டு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் மின்னழுத்தத்தைச் சரிபாதியாகப் பிரிக்க, அந்தப் பாதி 1 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாக 3ஆம் காலுக்குப் போகிறது. ஃபெட்டின் கேட் என்ற உள்ளீட்டுக் காலும் அதே பாதி மின்னழுத்தத்தில் இருக்கும். அதன் சோர்ஸ் என்ற வெளியீட்டுக் கால் சற்றே உயர்ந்து, பொதுவாக 5 முதல் 7 வோல்ட்டுக்குள் இருக்கும்.

இங்கே புதியவர்கள் பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. 3ஆம் காலில் மீட்டரை வைத்ததும் 4.5க்குப் பதிலாக 2.2 என்று காட்டும். உடனே ரெசிஸ்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் ரெசிஸ்டர் கெடவில்லை. கடைகளில் கிடைக்கும் மலிவான மஞ்சள் மீட்டர்களில் பலவற்றின் உள்தடை 1 மெகா ஓம் மட்டுமே. சர்க்யூட்டில் உள்ள 1 மெகா ஓமும் மீட்டரின் 1 மெகா ஓமும் சேர்ந்து மின்னழுத்தத்தை மீண்டும் பாதியாக்கிவிடுகின்றன. உள்தடை 10 மெகா ஓம் உள்ள மீட்டரில் அதே கால் 4.1 வோல்ட்டைக் காட்டும். ஆகையால் 3ஆம் காலின் அளவை மட்டும் நம்பாமல், 6ஆம் காலையும் அளந்து பாருங்கள். அது 4.5 வோல்ட்டுக்கு அருகில் நின்றால் 3ஆம் காலும் சரியாகவே இருக்கிறது என்று பொருள்.

6ஆம் கால் 8 வோல்ட்டுக்கு மேல் போய் ஒட்டிக்கொண்டிருந்தால், 2ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் இரண்டு பாதைகளையும் பாருங்கள். 560 ஓமோடு 4.7 மைக்ரோஃபாரட்டும், 47 ஓமோடு 2.2 மைக்ரோஃபாரட்டும் அங்கே இருக்கின்றன. அந்தக் கெபாசிட்டர்களில் ஒன்று தலைகீழாகப் பொருத்தப்பட்டுக் கசிந்தாலும், உள்ளே ஷார்ட் ஆகியிருந்தாலும், ஆப்-ஆம்ப் டிசியையும் பெருக்கத் தொடங்கி உச்சியில் போய் முட்டி நின்றுவிடும். 6ஆம் கால் சுழியத்தை ஒட்டியிருந்தால், 3ஆம் காலுக்கு வரும் 1 மெகா ஓம் ரெசிஸ்டரின் சால்டர் விட்டுப்போயிருக்கலாம், அல்லது ஐசியே தலைகீழாக உட்கார்ந்திருக்கலாம். ஐசியின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் உடனே பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும்.

மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒலி இல்லை

இந்த அறிகுறி தெரிந்தால் சர்க்யூட் போர்டை மறந்துவிடலாம். டுரூ பைபாஸ் முறையில் (பெடலை அணைத்ததும் சிக்னல் சர்க்யூட்டைத் தொடாமல் நேரே கடக்கும் முறை) ஒயரிங் செய்த பெடல், பேட்டரியே இல்லாவிட்டாலும் ஒரு நிலையில் கிட்டாரின் ஒலியை அப்படியே ஆம்புக்குக் கடத்த வேண்டும். கடத்தவில்லை என்றால் பிழை இரண்டு ஜாக்குகளுக்கும் கால் சுவிட்சுக்கும் இடையில்தான் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, மீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, உள்ளீட்டு ஜாக்கின் முனைக்கும் வெளியீட்டு ஜாக்கின் முனைக்கும் இடையே சோதியுங்கள். ஒரு நிலையில் பீப் ஒலிக்க வேண்டும், மிதித்தால் நிற்க வேண்டும். இரண்டு முனைகளுக்கும் கிரவுண்டுக்கும் இடையே எந்த நிலையிலும் பீப் ஒலிக்கக் கூடாது.

ஒன்பது கால்கள் கொண்ட 3பிடிடி சுவிட்சில் மிக அதிகமாக நடக்கும் தவறு, அதை 90 பாகை திருப்பிப் பொருத்திவிடுவது. ஒன்பது கால்களும் சதுரமாக அமைந்திருப்பதால் எந்தப் பக்கமும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஒவ்வொரு காலும் ஒரு தட்டை நாக்கு, அந்த நாக்குகளின் தட்டைப் பக்கம் எந்தத் திசையில் கிடக்கிறது என்பதைப் படத்தோடு ஒப்பிட்டால் திசை புரிந்துவிடும். அடுத்த தவறு சூட்டினால் வருவது. நாக்கின் மேல் அயர்னை ஐந்தாறு விநாடி அழுத்தினால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் இளகி, தொடுமுனை இடம் பெயர்ந்துவிடும். வெளியே பார்த்தால் சுவிட்சுக்கு ஒரு குறையும் தெரியாது. ஒவ்வொரு காலிலும் இரண்டு மூன்று விநாடிக்குள் சால்டரை முடித்து, அடுத்த காலுக்குப் போகும் முன் சுவிட்சை ஆறவிட வேண்டும்.

பைபாஸில் ஒலி வருகிறது. மிதித்தால் விளக்கும் இல்லை, ஒலியும் இல்லை

மின்சாரம் வந்து சேரவில்லை. பேட்டரியில் ஓடும் பெடல்களில் உள்ளீட்டு ஜாக் ஸ்டீரியோ வகையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பேட்டரியின் எதிர்முனை அந்த ஜாக்கின் ரிங் காலில் இணைக்கப்பட்டிருக்கும். சாதாரண மோனோ பிளக்கைச் செருகும்போது அதன் நீண்ட உடல் ரிங்கையும் ஸ்லீவையும் சேர்த்து, பேட்டரியைக் கிரவுண்டோடு இணைக்கிறது. கிட்டாரைக் கழற்றினால் பேட்டரி அணைந்துவிடும் வசதி இதனால்தான் கிடைக்கிறது. எனவே உள்ளீட்டு ஜாக்கில் பிளக் செருகாமல் மின்னழுத்தம் அளந்தால் எல்லா இடத்திலும் தவறான அளவே வரும். அதுபோலவே, கையில் கிடைத்த ஸ்டீரியோ கேபிளைச் செருகியிருந்தாலும் பேட்டரி வேலை செய்யாது.

அடாப்டரில் மட்டும் இந்த அறிகுறி வந்தால் துருவத்தைப் பாருங்கள். கிட்டார் பெடல்களுக்கான 9 வோல்ட் அடாப்டரில் பெரும்பாலும் நடுமுனை எதிர்மின். வீட்டில் கிடக்கும் மற்ற அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை நேர்மின். தவறான அடாப்டரை மாட்டினால், மின்வழிக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே காவலுக்கு வைத்த 1என்4001 டையோடு மின்சாரத்தைத் தன் வழியே ஷார்ட் செய்து சர்க்யூட்டைக் காப்பாற்றும். நீண்ட நேரம் அப்படியே விட்டுவிட்டால் அந்த டையோடே உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிடும், பிறகு சரியான அடாப்டரைப் போட்டாலும் பெடல் எழாது. டையோடின் ஒரு காலைத் தூக்கிவிட்டு அளந்தால் உண்மை தெரியும்.

பழைய காலத்து ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் கொண்ட ஃபஸ் (ஒருவகை டிஸ்டார்ஷன்) பெடல்களைச் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1966இல் லண்டனில் வெளிவந்த ஃபஸ் ஃபேஸின் முதல் வடிவம் பிஎன்பி டிரான்சிஸ்டர்களைக் கொண்டது. அதில் பேட்டரியின் நேர்முனைதான் கிரவுண்ட். அத்தகைய பெடலையும் மற்றப் பெடல்களையும் ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து இயக்கினால், சிக்னல் கேபிளின் கிரவுண்ட் வழியாக அடாப்டர் ஷார்ட் ஆகி வரிசையில் உள்ள எல்லாப் பெடல்களும் ஒரே நேரத்தில் அணையும். அந்தப் பெடலுக்குத் தனிப் பேட்டரியோ, மற்றவற்றோடு தொடர்பில்லாத தனி மின்வழியோ வேண்டும்.

விளக்கு எரிகிறது, ஒலி மட்டும் இல்லை

ஆய்வுக் கம்பியின் உண்மையான பயன் இங்கேதான். கிட்டாரை வாசித்துக்கொண்டே தொட்டுப் பார்க்க இரண்டு கை போதாது. ஆகவே கைப்பேசியிலிருந்து ஏதேனும் ஒரு பாட்டைக் குறைந்த ஒலியில் உள்ளீட்டு ஜாக்குக்கு அனுப்புங்கள். ஆம்பின் வால்யூமை மிகவும் குறைத்து வையுங்கள், ஏனெனில் சில இடங்களில் சிக்னல் திடீரென்று பலமடங்கு உயரும்.

முதலில் உள்ளீட்டு ஜாக்கின் முனையைத் தொட்டுப் பாட்டு கேட்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்து 22 நானோஃபாரட் உள்ளீட்டுக் கெபாசிட்டரின் முன்காலையும் பின்காலையும் தொடுங்கள். இரண்டிலும் ஒரே அளவாகக் கேட்க வேண்டும். பின் ஐசியின் 3ஆம் கால். அங்கிருந்து 6ஆம் காலுக்குத் தாவும்போது பாட்டு உரத்து, உடைந்து, அடையாளம் தெரியாத அளவுக்குக் கரகரக்கும்; அப்படிக் கேட்டால் மகிழ்ச்சி கொள்ளலாம், ஆப்-ஆம்ப் உயிரோடு இருக்கிறது. 4.7 மைக்ரோஃபாரட்டையும் 1 கிலோ ஓமையும் தாண்டி டையோடுகளுக்கு வரும்போது ஒலி தணிந்து கேட்கும், ஏனெனில் சிலிக்கான் டையோடுகள் சிக்னலை இருபுறமும் ஏறத்தாழ 0.6 வோல்ட்டில் வெட்டிவிடுகின்றன. பிறகு ஃபில்டர், ஃபெட்டின் கேட், அதன் சோர்ஸ், 1 மைக்ரோஃபாரட், வால்யூம் பாட்டின் மூன்று கால்கள் என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருங்கள். கடைசியாகக் கேட்ட இடத்துக்கும் முதன்முதலாகக் கேட்காத இடத்துக்கும் இடையில்தான் பிழை இருக்கிறது. பெரும்பாலும் அந்த இடைவெளியில் இரண்டு மூன்று பாகங்களே இருக்கும்.

டையோடுகளின் முன்னே ஒலி இருந்து, டையோடுகளில் முற்றிலும் மறைந்துவிட்டால், அந்த இடம் கிரவுண்டோடு ஷார்ட் ஆகியிருக்கிறது. வெரோ போர்டில் (இணையான செம்புத் தடங்கள் கொண்ட துளைப் பலகை) இது சாதாரணம். இரண்டு செம்புத் தடங்களுக்கு நடுவே தலைமுடி அளவில் ஒரு சால்டர் இழை ஒட்டியிருக்கும். ஒரு கூர்மையான கத்தியின் நுனியால் தடங்களுக்கு இடைப்பட்ட எல்லா இடைவெளியையும் ஒருமுறை கீறிவிட்டு, போர்டை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஐசியின் கீழே வெட்ட வேண்டிய தடங்களை வெட்டாமல் விட்டிருந்தாலும் இதே விளைவுதான் வரும்.

ஒலி வருகிறது, ஆனால் மெலிந்திருக்கிறது, கரகரப்பே இல்லை

டிஸ்டார்ஷன் பாட்டை முழுவதும் திருப்பிய நிலையில், 100 கிலோ ஓமுக்கு எதிரே 560 ஓமும் 47 ஓமும் இணையாக நிற்கின்றன. கணக்குப்படி பெருக்கம் ஏறத்தாழ 2,300 மடங்கு. அந்த இரண்டு பாதைகளும் கிரவுண்டைத் தொடாமல் விட்டுப்போயிருந்தால் பெருக்கம் ஒரே மடங்கு. கிட்டார் ஒலி வந்தபடியே சுத்தமாக வெளியே போகும். 47 ஓமின் இடத்தில் 47 கிலோ ஓமைப் பொருத்திவிட்டால் பெருக்கம் ஏறத்தாழ 180 மடங்காகக் குறைந்துவிடும். நிறக்கோடுகளில் மூன்றாவதை மட்டும் மாற்றிப் படித்துவிடுவது எளிது. மஞ்சள் விளக்கொளியில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாகவே தெரியும். எனவே ஒவ்வொரு ரெசிஸ்டரையும் பொருத்தும் முன் மீட்டரில் அளப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பொருத்திய பின் போர்டிலேயே அளந்தால் மற்றப் பாகங்களும் சேர்ந்து அளவைக் குறைத்துக் காட்டும்.

டிரான்சிஸ்டர்களால் ஆன டிஸ்டார்ஷன் பெடல்களில் இதே அறிகுறிக்கு வேறொரு காரணம் உண்டு. பிசி547, பிசி549 ஆகியவற்றைத் தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால் கால்கள் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்5088, 2என்3904 ஆகியவற்றில் எமிட்டர், பேஸ், கலெக்டர். அமெரிக்கச் சர்க்யூட் ஒன்றைப் பார்த்துச் செய்யும்போது 2என்5088 கிடைக்காமல் பிசி549ஐப் போட்டால், அதைத் திருப்பிப் போட வேண்டும். தலைகீழாக நின்றாலும் டிரான்சிஸ்டர் முற்றிலும் செத்துவிடாது. மிகச் சிறிய பெருக்கத்தோடு வேலை செய்துகொண்டிருக்கும். அதனால்தான் இந்தப் பிழை கண்ணில் படாமல் நீண்ட நாள் ஒளிந்திருக்கிறது.

ஐசியைப் பற்றியும் ஒரு சொல். எல்எம்308 இப்போது புதிதாகத் தயாராவதில்லை. சந்தையில் வேறு ஐசியின் முகத்தைத் தேய்த்து, எல்எம்308 என்று அச்சிட்டு விற்பதும் நடக்கிறது. எனக்கும் ஒருமுறை அப்படி நான்கு ஐசிகள் வந்து சேர்ந்தன. அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைத்ததும் எழுத்துகள் கறுப்பு மையோடு கரைந்து வந்தன. அந்தப் பெயருக்காக அலைய வேண்டியதில்லை என்பது என் கருத்து. பிற்கால ராட் பெடல்களிலேயே ஓபி07தான் இருக்கிறது, நீங்களும் அதையே வைக்கலாம். 1, 8 ஆகிய கால்களுக்கு இடையே இருக்கும் 30 பிகோஃபாரட் கெபாசிட்டர் ஓபி07க்குத் தேவையில்லை, இருந்தாலும் கெடுதல் இல்லை.

நரம்பு அதிர்ந்து முடியும் முன்பே ஒலி அறுந்துபோகிறது

ஓங்கி மீட்டினால் ஒலி வருகிறது, மெல்ல மீட்டினால் வெடித்து வெடித்து நின்றுவிடுகிறது என்றால் பயஸ், அதாவது சிக்னல் இல்லாதபோது நிற்க வேண்டிய மின்னழுத்தம், தவறியிருக்கிறது. ஆப்-ஆம்ப் சர்க்யூட்டில் மேலே சொன்ன பாதி மின்னழுத்தத்தை மறுபடி பாருங்கள். ஃபஸ் ஃபேஸ் வகையில் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் பேட்டரியின் பாதியில் இருக்கிறதா என்று அளந்து, இல்லையென்றால் அதன் கலெக்டர் ரெசிஸ்டரின் இடத்தில் ஒரு டிரிம் பாட்டை (திருப்புளியால் திருகும் சிறிய பாட்) வைத்துச் சரிசெய்யுங்கள். ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் வெப்பம் ஏற ஏறக் கசிவு மின்னோட்டம் பெருகும். ஏறத்தாழ ஒவ்வொரு 10 பாகை செல்சியஸுக்கும் அது இரட்டிக்கும். குளிரூட்டிய அறையில் வைத்துச் சரிசெய்த பெடல், சென்னையின் மே மாத மேடையில் வெயிலில் கிடந்தபின் வேறு பெடல்போல ஒலிப்பது அதனால்தான். எந்த வெப்பத்தில் வாசிக்கப் போகிறீர்களோ அந்த வெப்பத்தில் வைத்தே பயஸை அமையுங்கள்.

உறுமல்

முதலில் உறுமலின் சுருதியைக் கேளுங்கள். கிட்டாரிஸ்டுகளுக்கு மீட்டர் இல்லாமலே இதைக் கண்டுபிடிக்கும் காது இருக்கிறது. நம் மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸ். அடாப்டரில் ஏசியை டிசியாக மாற்றும்போது மிஞ்சும் அலை 100 ஹெர்ட்ஸ். ஆறாவது தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். உறுமல் இந்தச் சுரத்தோடு ஏறக்குறைய ஒட்டிப் போனால் குற்றவாளி பெரும்பாலும் அடாப்டர். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலித்தால் கிரவுண்ட் அல்லது ஷீல்டு குறை. அடாப்டரைக் கழற்றிப் பேட்டரியில் இயக்கிப் பார்ப்பது இதை உறுதிப்படுத்தும். ரெகுலேட்டர் இல்லாத பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்கள், 9 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், பளு இல்லாதபோது 12, 13 வோல்ட்டைக் காட்டும். அவற்றைப் பெடலுக்கு வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

50 ஹெர்ட்ஸ் உறுமலில் நான் முதலில் பார்ப்பது பெட்டி கிரவுண்டோடு சேர்ந்திருக்கிறதா என்பதைத்தான். பவுடர் கோட்டிங் பூசிய அலுமினியப் பெட்டியில் ஜாக்கை இறுக்கினால், பூச்சு நடுவில் நின்று உலோகத்தோடு உலோகம் தொடவிடாது. பெட்டியின் உட்புறத்தில், ஜாக்கின் வாஷர் உட்காரும் வட்டத்தில் மட்டும் பூச்சைச் சுரண்டி, பளிச்சென்ற அலுமினியம் தெரியும்படி செய்து மீண்டும் இறுக்குங்கள். தந்திகளைத் தொட்டதும் உறுமல் அடங்கினால், கிட்டாரின் உள்ளே ஷீல்டு போதவில்லை. சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் தானாகவே சற்று உறுமும். அந்த உறுமலை இரண்டாயிரம் மடங்கு பெருக்கும் பெடலில் குறை சொல்லிப் பயனில்லை. சோக் வைத்த டியூப்லைட்டுக்கும் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டருக்கும் அருகில் இருந்து தள்ளி அமர்ந்து பாருங்கள், வேறுபாடு உடனே தெரியும்.

ஊளை, விசில், வானொலி

டிஸ்டார்ஷனையும் வால்யூமையும் ஏற்றும்போது மட்டும் ஊளையிட்டால், வெளியீட்டு ஒயரிலிருந்து உள்ளீட்டு ஒயருக்குச் சிக்னல் தாவுகிறது. இவ்வளவு பெருக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளிகூடப் பெரிய செய்திதான். இரண்டு ஒயர்களையும் பெட்டியின் இரு ஓரங்களுக்குப் பிரித்து, தேவைக்கு மிஞ்சிய நீளத்தை வெட்டிவிட்டு, உள்ளீட்டுக்கு ஷீல்டு ஒயரைப் போட்டு, அந்த ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டோடு சேருங்கள். மரக்குச்சியால் ஒயர்களை மெல்ல நகர்த்தும்போது ஊளையின் சுருதி மாறினால் சரியான ஒயரைத்தான் தொட்டிருக்கிறீர்கள். ஐசியின் 7ஆம் காலுக்கு அருகிலேயே 100 நானோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைக் கிரவுண்டோடு சேர்ப்பதும், உண்மையான எல்எம்308 என்றால் 30 பிகோஃபாரட் விட்டுப்போகவில்லை என்று பார்ப்பதும் அவசியம்.

எந்த நிலையிலும் மாறாத மெல்லிய விசில் என்றால், அதே அடாப்டரில் இருக்கும் டிஜிட்டல் பெடலிலிருந்து அது வரக்கூடும். அதற்குத் தனி மின்வழி கொடுங்கள். மத்திய அலை வானொலி கேட்டால், உள்ளீட்டில் இருக்கும் 1 கிலோ ஓமும் 1 நானோஃபாரட்டும் சரியாகச் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வானொலி அலைகளை வடிகட்டுவதே அவற்றின் வேலை.

மிதிக்கும்போது 'டப்', திருப்பும்போது கரகரப்பு

இரண்டுக்கும் மூலம் ஒன்றே: டிசி இருக்கக் கூடாத இடத்தில் டிசி இருக்கிறது. உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் கிரவுண்டுக்கு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருந்தால், சுவிட்ச் திறந்திருக்கும்போது கெபாசிட்டரின் வெளிக்காலில் மின்னேற்றம் தேங்காது, 'டப்' சத்தமும் வராது. வால்யூம் பாட்டின் கால்களில் மீட்டரை வைத்தால் சுழியம் காட்ட வேண்டும். சில நூறு மில்லிவோல்ட் தெரிந்தால் முன்னாலுள்ள 1 மைக்ரோஃபாரட் கசிகிறது அல்லது தலைகீழாக இருக்கிறது. சுழியம்தான் என்றால் பாட்டின் உள்ளே தூசி. அதற்குக் கான்டாக்ட் கிளீனர் போதும்.

பிழைபோலத் தோன்றும், ஆனால் பிழையல்ல

ராட்டின் ஃபில்டர் பாட்டை வலப்புறம் திருப்பினால் ஒலி கூர்மையாவதற்கு மாறாக மங்கும். சர்க்யூட்டின் அமைப்பே அப்படி. ஒயர்களை மாற்றிப் போட்டுவிட்டோம் என்று பிரித்துவிட வேண்டாம். வால்யூம் முழுவதும் முதல் கால் சுற்றிலேயே ஏறிவிடுகிறது என்றால், லாக் பாட்டுக்குப் (தொடக்கத்தில் மெல்ல ஏறும் வகை) பதிலாக லீனியர் பாட் (சீராக ஏறும் வகை) பொருத்தப்பட்டிருக்கிறது. பொதுவாக ஏ என்ற எழுத்து லாக், பி என்பது லீனியர். சிலிக்கான் டையோடுகளை எடுத்துவிட்டு ஜெர்மானியம் வைத்தால் ஒலி குறைவதும், எல்இடி வைத்தால் கூடுவதும் இயல்பே: முன்னது ஏறத்தாழ 0.3 வோல்ட்டிலும், சிவப்பு எல்இடி 1.7 வோல்ட்டுக்கு அருகிலும் வெட்டும்.

திறந்திருந்தால் வேலை செய்கிறது, மூடினால் நின்றுவிடுகிறது

என் பொறுமையை மிகவும் சோதித்தது இந்தப் பிழைதான். நண்பர் ஒருவருக்காகச் செய்த பெடல் மேசைமேல் திறந்து கிடக்கும்போது அருமையாகப் பாடியது. நான்கு திருகுகளையும் முடுக்கியதும் ஊமையானது. இரண்டு மாலைகள் ஐசியையும் ஃபெட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் நாள் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, அதன் உட்புறத்தில் ஒரு அரிசி நீளத்துக்குப் புதிய கீறல் இருந்தது. அந்த இடத்துக்கு நேர் கீழே உள்ளீட்டு ஜாக்கின் முனைக் கால். பிளக் உள்ளே போகும்போது அந்தக் கால் இரண்டு மில்லிமீட்டர் வெளியே தள்ளப்பட்டு, கிரவுண்டில் இருக்கும் மூடியைத் தொட்டிருக்கிறது.

ஆகவே, ஜாக்குகளைப் பொருத்தும்போது பிளக்கைச் செருகிய நிலையில் வைத்தே இடைவெளியைப் பாருங்கள். தேவையானால் ஜாக்கைச் சற்றே சுழற்றி, கால்கள் பெட்டியின் நடுப்பகுதியைப் பார்க்கும்படி இறுக்குங்கள். பாட்டுகளின் உலோக முதுகு போர்டின் சால்டர் புள்ளிகளைத் தொடாதபடி நடுவே ஒரு தடித்த அட்டைத் துண்டை வையுங்கள். அதன்பின்னும் பெடல் விட்டுவிட்டு வேலை செய்தால் டிரை சால்டர் (சரியாக ஒட்டாத சால்டர்) ஒன்று இருக்கிறது: பெடலை இயக்கியபடியே மரக்குச்சியால் ஒவ்வொரு சால்டரையும் தட்டிக்கொண்டே வாருங்கள், ஒலி வெட்டும் இடத்தில் சால்டர் பளபளப்பின்றிச் சாம்பல் நிறமாக, காலைச் சுற்றி மெல்லிய வளையப் பிளவோடு இருக்கும். அதன்மேல் சிறிது ஃப்ளக்ஸ் தடவி, அயர்னை வைத்து, புதிய சால்டரைத் துளியளவு சேர்த்து ஓடவிடுங்கள். ஆறும்வரை காலை அசைக்க வேண்டாம். பிறகு மூடியின் உட்புறத்தில், கீறல் விழுந்த இடத்தையும் சேர்த்து மறைக்கும்படி அகலமான இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, தொடக்கத்தில் மின்னழுத்தங்களை எழுதிவைத்த அந்தத் தாளை மடித்து அதன்மேல் ஒட்டிவிட்டுத் திருகுகளை முடுக்குங்கள். அடுத்த முறை பெட்டியைத் திறப்பவருக்கு அந்த எண்கள் தேவைப்படும்.